சுமைகூலி முக்கால் பணம்: கரிசல் பூமியிலிருந்து இசைக்கருவி அனுப்புவது

எட்டயபுரம் அரண்மனைக்கு வயலின் கடல் தாண்டி வந்த கருவி. சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரர்களிடம் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குப் பழக்கியவராகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர், பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக வாழ்ந்தார். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் அதே ஊரில்தான். அந்த வயலினுக்குக் கப்பல்கூலி எவ்வளவு ஆயிற்று என்று எந்த ஏட்டிலும் தேட வேண்டியதில்லை. அரண்மனைக்கு அது ஒரு செலவே இல்லை.

இன்றைக்குக் கோவில்பட்டி கூரியர் கடையில் நிற்பவருக்கு அரண்மனை இல்லை. டொரொண்டோவில் இருக்கும் பேத்திக்கு ஒரு மிருதங்கம், கோலாலம்பூர் கோயிலுக்கு ஒரு ஜோடி நாதஸ்வரம், மெல்போர்னில் பறை கற்றுக்கொடுக்கும் பழைய மாணவனுக்கு நான்கு பறை. கவுண்டரில் இருப்பவர் டேப்பை எடுத்து நீள அகல உயரம் அளந்து, கால்குலேட்டரைத் தட்டி, ஒரு தொகை சொல்வார். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி அந்த இடத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கருவியின் விலையைக் கூலி எட்டிப் பிடிப்பது சாதாரணம்; குடம், பறை போன்ற விலை குறைந்த கருவிகளில் தாண்டியும் போகும்.

இந்த அத்தியாயம் அந்தத் தொகை எப்படிப் பிறக்கிறது, அதில் எந்தப் பங்கைக் குறைக்கலாம், எந்தப் பங்கோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்பதைப் பற்றியது.

காற்றுக்கும் கூலி

கோவில்பட்டிக்காரர்களுக்குச் சரக்கு அனுப்புவது புதிதல்ல. தீப்பெட்டியை டஜனாகவும் குரோஸாகவும் பண்டல் கட்டி நாடெங்கும் அனுப்பிய ஊர். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய் இங்கிருந்துதான் போகிறது. ஆனால் அந்த இரண்டின் அனுபவமும் இசைக்கருவிக்கு உதவாது. கடலைமிட்டாய் அடைத்த பெட்டியில் இடம் வீணாவதில்லை. தராசு காட்டும் எடைக்கே கட்டணம். இசைக்கருவி அப்படியல்ல. அதன் உயிரே உள்ளே இருக்கும் வெற்றிடம்தான். வீணையின் குடம், கடம், தவில், மிருதங்கம் எல்லாமே காற்றைச் சுற்றிக் கட்டிய சுவர்கள். கூரியர்காரர் அந்தக் காற்றையும் எடை போடுகிறார்.

அந்தத் தொழிலில் இதற்கு வால்யூம் வெயிட் என்று பெயர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கூரியர் எடை. விமானச் சரக்கு ஏஜென்ட் வழியாகப் போனால் பொதுவாக 6000-ஆல் வகுப்பார்கள். வகுத்து வந்த எண், தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 72 x 40 x 40 பெட்டி. பெருக்கினால் 1,15,200, 5000-ஆல் வகுத்தால் 23 கிலோ. தராசில் பெட்டியோடு நிறுத்தால் 14, 15-ஐத் தாண்டாது. வீணை இன்னும் மோசம். 135 x 45 x 45 பெட்டிக்குக் கணக்கு எடை 54.7 கிலோ, வீணை மட்டும் பத்துக் கிலோவுக்குள் அடங்கும். மானாமதுரைக் கடத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது உடையாமல் போக வேண்டுமானால் நாலு பக்கமும் தாராளமாகப் பஞ்சணை வேண்டும்; 50 x 50 x 50 பெட்டி என்றால் 25 கிலோ. இதே பரிசோதனையில் பறை தேறிவிடுகிறது. தட்டையான கருவி, 45 x 45 x 10 பெட்டியில் நான்கு கிலோதான். ஐந்து பறைகளை அடுக்கி 35 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் வைத்தால் மொத்தமே 14.2 கிலோ. ஒரு பறைக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு.

இந்த எண்களை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. பெட்டியில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சென்டிமீட்டர் குறைத்தால் மிருதங்கத்தின் கணக்கு எடை 17.6 கிலோவாக இறங்கும். அதாவது 68 x 36 x 36. ஐந்து கிலோவுக்கு மேல் மிச்சம், அதுவும் வெறும் அட்டையை வெட்டி.

இதற்கு மேல் எரிபொருள் கூடுதல் கட்டணம் ஒன்று, தொலைதூரப் பகுதிக் கட்டணம் ஒன்று, நீளமான பெட்டிக்குத் தனிக் கட்டணம் ஒன்று. கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும். சில நிறுவனங்களுக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் நீளம், சிலவற்றுக்கு 120 சென்டிமீட்டர். எல்லையை ஒரு விரற்கடை தாண்டினாலும் முழுக் கட்டணம் விழும்.

கழற்றத் தெரிந்தவருக்குப் பாதிக் கூலி

காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) கோவில்பட்டியில் வாழ்ந்தவர் என்பதில் இந்த ஊருக்கு இன்றும் ஒரு பெருமிதம் உண்டு. 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்ட நாதஸ்வரம் அவருடையது. அவருடைய குரு டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாதஸ்வரம் செய்து கொடுத்தது கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் பக்கத்து மேளக்காரர்களும் கருவிக்கு அந்தத் திசையைத்தான் பார்க்கிறார்கள்.

நாதஸ்வரத்தை அனுப்புவது சுலபம். காரணம் அதைச் செய்த ஆச்சாரிகள் முன்யோசனையோடு பிரித்தே வைத்திருக்கிறார்கள்: உலவு என்ற குழல் வேறு, அணசு என்ற புனல்வாய் வேறு, கெண்டை வேறு, ஊதும் சீவாளி வேறு. மாட்டியபடியே பெட்டியில் வைத்தால் 100 x 25 x 25. கணக்கு எடை 12.5 கிலோ. அணசைக் கழற்றி உலவின் பக்கத்தில் வைத்தால் 75 x 25 x 20, 7.5 கிலோ. கிலோவுக்கு 700 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 8,750 ரூபாய் 5,250 ஆகிறது. ஐந்து நிமிட வேலைக்கு 3,500 ரூபாய். சீவாளியை அந்தப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். தனியாகச் சின்னத் தபால் பொட்டலமாக, நசுங்காத டப்பாவில் போகலாம். பெரிய பெட்டி தாமதமானாலும் சீவாளி முன்னால் போய்க் காத்திருக்கும்.

வீணையில் கழற்றக்கூடியது சுரைக்காய். திருகி எடுத்துவிட்டால் பெட்டியின் உயரம் 45-இலிருந்து 35-க்கு இறங்கும். கணக்கு எடை 54.7-இலிருந்து 42.5. தபாலில் இதைவிடப் பெரிய லாபம் உண்டு, அது அடுத்த பகுதியில். புதிதாக வாங்கி அனுப்புகிறவர் தண்டியும் குடமும் பிரியும் கழற்று வீணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணையின் நாதத்தை விரும்புகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேடைக் கச்சேரிக்காரருக்கு அந்த வாதம் சரி. பத்து வயதுப் பிள்ளையின் சரளி வரிசைக்கு அவ்வளவு கூலி கொடுத்து ஏகாண்டம் அனுப்புவதில் நியாயம் குறைவு.

உறுமியும் பிரியும். ஜமீன் கோடாங்கிபட்டித் தேவராட்டத்துக்கு வாசிக்கும் தேவதுந்துபி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கருவி. மலேசியாவிலோ உறுமி மேளக் குழு இல்லாத தைப்பூசமே இல்லை. கயிற்றைத் தளர்த்தினால் தோல் பூட்டிய இரண்டு வளையமும் தனி, உடல் தனி. உடலின் இரு வாய்க்குள்ளும் குச்சி, கயிறு, துணி எல்லாவற்றையும் திணித்துவிடலாம். வெற்றிடத்துக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. அதைக் காலியாக அனுப்புவானேன்? மிருதங்கத்தில் வாரைப் பிரித்து, தோல் வாயான மூட்டைத் தனியே அனுப்புவதை மட்டும் அங்கே மூட்டுப் பூட்டத் தெரிந்தவர் இருந்தால்தான் செய்ய வேண்டும். நட்டு போல்ட்டு வைத்த மிருதங்கம், தவில் என்றால் அந்தப் பயம் இல்லை.

சில கருவிகளை அனுப்பாமல் இருப்பதே உத்தமம். வில்லிசைக்கு இந்த வட்டாரத்தில் பெரிய பேர். சாத்தூர் பிச்சைக்குட்டி புகழ்பெற்றது இந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் ஆளுயரத்தைத் தாண்டும் வில்லைக் கடல் கடந்து அனுப்பக் கேட்கும் தொகை வில்லோடு சம்பந்தமே இல்லாதது. வில் என்பது வளைந்த கம்பு. அது எந்த நாட்டிலும் கிடைக்கும். அனுப்ப வேண்டியது மணிகள், வீசுகோல், உடுக்கை, தாளம், கட்டை. எல்லாமே ஒரு சின்னப் பெட்டி. கம்பை அங்கே பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மூன்று துண்டாகப் பூட்டும்படி இங்கே ஒரு பட்டறையில் செய்துவிடலாம்.

தபாலா, கூரியரா, கப்பலா

தபாலைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. சர்வதேச ஸ்பீட் போஸ்டில் பெட்டியின் எந்தப் பக்கமும் ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது. நீளத்தோடு சுற்றளவைக் கூட்டினால் மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. நாட்டுக்கு நாடு இது கொஞ்சம் குறையும், எடை வரம்பும் மாறும். மிருதங்கப் பெட்டிக்கு 72-உம் சுற்றளவு 160-உம் சேர்ந்து 232, தாராளம். வீணைக்கு 135-உம் 180-உம் சேர்ந்து 315. பதினைந்து சென்டிமீட்டரில் கவுண்டர் திருப்பி அனுப்பிவிடும். சுரைக்காயைக் கழற்றி உயரத்தை 35 ஆக்கினால் 135-உம் 160-உம் 295. உள்ளே போய்விடும்.

வியாபாரமாக அனுப்புகிறவருக்குத் தபால்துறை 2022-இலிருந்து டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. தபால் ஏற்றுமதிப் படிவத்தைக் கணினியிலேயே போட்டுவிடலாம். கஸ்டம்ஸ் பார்வை வெளிநாட்டு அஞ்சலகத்தில் நடக்கும். அதற்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் கிடைக்கும். பேத்திக்குப் பரிசாக அனுப்பும் தாத்தாவுக்கு இது எதுவும் வேண்டாம். கூரியரிலும் இதே பிரிவினைதான்: பரிசுக்கும் சாம்பிளுக்கும் ஒரு படிவம், வியாபாரத்துக்கு வேறு படிவம். வருஷத்துக்கு நாற்பது நாதஸ்வரம் விற்கிறவர் எல்லாவற்றையும் பரிசு என்று எழுதி அனுப்பினால், ஏற்றுமதிச் சலுகை எதையும் கேட்க முடியாது. பிடிபட்டால் தலைவலி வேறு.

கப்பல் என்றதும் இந்தப் பகுதியில் ஒரு பழைய கதை எழும். ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சி. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுப்பதாகச் சொன்னது. கூலி என்பது தூரத்தையும் எடையையும் மட்டும் பொறுத்ததல்ல. அந்த வழியில் எத்தனை பேர் போட்டியில் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அது அன்றைக்கு இருந்த நிலைமை மட்டுமல்ல. இன்றும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கேட்கும் தொகைக்கும், போட்டி குறைந்த ஒரு பசிபிக் தீவுக்குக் கேட்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் மைல் கணக்கில் அடங்காது. குறைந்தது மூன்று இடத்தில் விலை கேட்காமல் பெட்டியைக் கையிலிருந்து விடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

தூத்துக்குடி துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் கப்பலில் போட்டால் மலிவு என்று தோன்றும். ஒற்றைப் பெட்டிக்கு அது பொய்க் கணக்கு. முழு கன்டெய்னர் இல்லாத சரக்குக்குக் கன மீட்டர் கணக்கில் கட்டணம். பொதுவாகக் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஒரு வீணைப் பெட்டி 0.27 கன மீட்டர்தான். மூன்று வைத்தாலும் 0.82. அதற்கு மேல் ஆவணக் கட்டணம், கையாளும் கூலி, கிடங்குக் கூலி. அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் பெறுபவர் கட்ட வேண்டியது தனி. இங்கே சொன்ன கப்பல்கூலியைவிட அங்கே வரும் பில் பெரிதாக இருப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. புக்கிங்கின்போதே ‘அந்தப் பக்கம் எவ்வளவு ஆகும்’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர் பிறகு ஏஜென்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கப்பல் லாபமாவது கூட்டாகப் போகும்போது. வெளிநாட்டில் கோயில் கட்டுகிறவர்கள் சிலை, விமான வேலைப்பாடு, பித்தளைச் சாமான் என்று தமிழ்நாட்டிலிருந்து கன்டெய்னர் எடுக்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு மேளமும் நாதஸ்வரமும் எப்படியும் வேண்டும். அந்தக் கன்டெய்னரின் மூலையில் நாலு தவில் பெட்டி ஏறிக்கொண்டால் கூலி தேங்காய் உடைக்கிற செலவுதான். ஸ்தபதியின் சரக்குக் கிளம்பும் தேதியை விசாரித்து வைப்பது, ஆறு மாதம் பொறுக்க முடிந்தவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சேமிப்பு.

எல்லாவற்றையும்விட மலிவான வழி ஆள் கையில் கொடுத்து அனுப்புவது. பல விமான நிறுவனங்களில் சாமான் பெட்டியின் மூன்று அளவும் சேர்ந்து 158 சென்டிமீட்டருக்குள், 23 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண லக்கேஜ். 68 x 36 x 36 மிருதங்கப் பெட்டி 140, தாராளமாகச் செல்லும். பிரித்த நாதஸ்வரம் 120. வீணைப் பெட்டி 225. அது அளவு மீறிய சாமான், முன்கூட்டியே கேட்க வேண்டும். மார்கழி சீசனுக்கு வந்து திரும்புகிறவர்கள், 1978-இலிருந்து நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜர் உற்சவத்துக்குப் போகிற குழுக்கள் எல்லாரும் இப்படித்தான் கொண்டுபோகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு என்றால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அது ஓடும் நாட்களில் கையில் கொண்டுபோகிற ஆளுக்கு அதுவும் ஒரு வழி. ஒரே எச்சரிக்கை: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொண்டுபோகிறவருக்குத் திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டாமல் கேட்பது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

மரம், தோல், தந்தம்

கூலியைக் குறைத்து அனுப்பிய பெட்டி கஸ்டம்ஸில் மாட்டினால் மொத்தமும் போச்சு. இங்கே அளவைவிட, கருவி எதனால் ஆனது என்பதுதான் கேள்வி.

கஞ்சிராவில் உடும்புத் தோல் இருந்தால் அதை அனுப்பும் யோசனையையே விட்டுவிட வேண்டும். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அழிந்துவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் இருக்கிறது. ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ மாட்டியதை அனுப்பலாம். ‘பழைய கஞ்சிராதானே’ என்ற வாதம் விமான நிலையத்தில் எடுபடாது.

பாட்டி காலத்து வீணைகளில் தந்த வேலைப்பாடு, மான் கொம்புப் பட்டை இருக்கும். இரண்டும் தடை. அதோடு கருவி நூறு வயதைத் தாண்டியிருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். நூறாகவில்லை என்று தோன்றுகிற பழைய கருவிக்கும், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொள்வது நிம்மதி. எட்டயபுரம், கழுகுமலைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணில் கிடக்கும் வீணைகளை வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது இந்தக் கேள்வி நிஜமாகவே வரும். அப்படிப்பட்ட வீணையை இங்கேயே வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று செய்து அனுப்புவது எல்லா விதத்திலும் மேல்.

மரத்தில் பலாவுக்கும் நாதஸ்வரத்தின் ஆச்சா மரத்துக்கும் பிரச்சினை இல்லை. ஈட்டி மரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சீனத்து மரச்சாமான் மோகத்துக்கு வைத்த குறி, கிதாரும் கிளாரினெட்டும் செய்கிறவர்கள்மேல் விழுந்தது. உலகெங்கும் இசைக்காரர்கள் போராடி, 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு வாங்கினார்கள். ஆக, ஈட்டியில் செய்த கருவி அந்த விலக்கில் போகும். கருவி செய்ய ஈட்டிப் பலகை அனுப்புவதற்கு அது பொருந்தாது. செம்மரத்தை எந்த வடிவத்திலும் தொடாமலிருப்பதே நல்லது. ஜப்பானின் ஷாமிசென் என்ற தந்திக் கருவியின் கழுத்துக்கு அந்த மரத்தின்மேல் இருக்கும் பிரியத்தைக் காட்டி யாராவது ஆசை காட்டினாலும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்புகிறவர் தோலைத் தனியாகப் பார்க்க வேண்டும். முடி ஒட்டிய, சரியாகப் பதப்படாத தோலையும், வண்டு துளைத்த மரத்தையும் அங்கே நிறுத்திவிடுவார்கள். சுத்திகரிப்புச் செலவு பெறுபவர் தலையில். அவர் கட்ட மறுத்தால் அழித்துவிடுவார்கள். பெட்டிக்குள் மெத்தை வைக்க வைக்கோலும் சோளத்தட்டையும் கரிசல் வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதைத் தொடவே கூடாது. ஒரு பிடி வைக்கோல் மொத்தப் பெட்டியையும் நிறுத்த அந்த அதிகாரிகளுக்குப் போதும்.

மரப்பெட்டி என்றால் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி. பச்சைப் பலகையை உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தியிருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஆகவே ஊர்த் தச்சரிடம் பெட்டி செய்கிறவர் பிளைவுட்டைத் தவிர வேறு கேட்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு ஓரத்தில் நாலு தேக்குக் கட்டை வைக்கிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

வரி யார் தலையில்

இந்தப் பக்கம் வரி பெரிய சுமை இல்லை. கையால் செய்த மரபு இசைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்குப் பட்டியல் இருக்கிறது. வீணை, மிருதங்கம், கடம், நாதஸ்வரம் எல்லாம் அதில் அடங்கும். சிக்கல் அந்தப் பக்கத்தில்.

அமெரிக்காவை உதாரணமாகச் சொல்லலாம். 800 டாலருக்குள் உள்ள பொருளுக்குத் தீர்வை இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் முடிந்தது. எப்படி வசூலிப்பது என்ற குழப்பத்தில் இந்தியத் தபால்துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல் புக்கிங்கைப் பெரும்பாலும் நிறுத்தியது. அக்டோபர் 15-இல் மறுபடி தொடங்கியபோது தீர்வையை இங்கேயே முன்பணமாக வாங்கும் ஏற்பாடு வந்தது. அன்றைய விகிதம் சொன்ன மதிப்பில் 50 சதவீதம். பத்தாயிரம் ரூபாய் மிருதங்கத்துக்கு ஐயாயிரம் தீர்வை. அந்த விகிதங்கள் நிலையாக நிற்பவை அல்ல. புக்கிங் அன்று காலையில் கேட்பதுதான் கணக்கு. 100 டாலர் வரையிலான பரிசுக்கு விலக்குத் தொடர்ந்தது.

மற்ற நாடுகள் இவ்வளவு அதிரடி இல்லை. சிங்கப்பூர் 2023 ஜனவரியிலிருந்து 400 சிங்கப்பூர் டாலருக்குள் உள்ள இணையக் கொள்முதலுக்கும் ஜி.எஸ்.டி. வாங்குகிறது, மலேசியா 2024 ஜனவரியிலிருந்து 500 ரிங்கிட்டுக்குள் உள்ளதற்கு 10 சதவீதம். கனடாவில் 60 கனடா டாலர் வரை பரிசுக்கு வரி இல்லை. பிரிட்டனில் சுங்கத் தீர்வை 135 பவுண்டுக்கு மேல்தான், ஆனால் வாட் வரி உண்டு.

பெரும்பாலும் கசப்பு வருவது வரியின் தொகையால் அல்ல. யார் கட்டுவது என்று முன்னால் பேசாததால். கூரியர் நிறுவனம் பெறுபவருக்காக வரியைக் கட்டிவிட்டு, அப்படிக் கட்டியதற்கு ஒரு சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வாசலில் கேட்கும். பரிசு வாங்கிய பேத்தியின் வீட்டில் அன்றைக்குச் சந்தோஷம் குறைந்துவிடும். மதிப்பைக் குறைத்து எழுதினால் தப்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்டால் உடைந்துபோகும்போது நஷ்டஈடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான்.

நஷ்டஈட்டின் கணக்கு இன்னும் வேடிக்கை. விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையில் நிறுவனத்தின் பொறுப்புக் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு); 2024 டிசம்பர் 28-இல் 22-இலிருந்து உயர்த்தினார்கள். பெட்டியோடு மூன்றரைக் கிலோ நிற்கும் நாதஸ்வரத்துக்கு 91 எஸ்.டி.ஆர்., நம் பணத்தில் பத்துப் பதினோராயிரத்தைச் சுற்றி. கூலி வாங்கும்போது ஏழரைக் கிலோ; உடைந்தால் கொடுப்பது மூன்றரைக் கிலோவுக்கு. மதிப்புள்ள கருவிக்குத் தனி இன்சூரன்ஸ் எடுப்பது இதனால்தான். கருவியின் நான்கு பக்கமும் பெட்டி மூடும் முன்பும் எடுத்த படங்கள் இல்லாமல் அந்த இன்சூரன்ஸும் நகராது.

பெட்டி

இந்த ஒரு விஷயத்தில் கோவில்பட்டி வட்டாரத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்த சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மூன்றும் அட்டைப்பெட்டிக்குப் பேர் போன ஊர்கள். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு பெரிய பெட்டியில் கருவியைப் போட்டுத் தெர்மாகோலால் நிரப்புவதை விட்டுவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டிப் பட்டறைக்குப் போய், ஏழு பிளையில் அளவெடுத்துச் செய்யச் சொல்வது மேல். தனித்தனியாக ஒன்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். பத்து சேர்த்துக் கேட்டால் செய்து கொடுப்பார்கள். ஒரு தெரு மேளக்காரர்கள் சேர்ந்தால் பத்து வந்துவிடும்.

வீணையைக் கட்டும்போது தந்திகளைப் பாதிச் சுருதிக்கு இறக்கிவிட வேண்டும். முழுக்கத் தளர்த்தினால் குதிரை விழுந்து தபலியைக் கீறும். மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள்ளும் கன்டெய்னருக்குள்ளும் அந்த மெழுகு இளகி, இருபத்துநான்கு மெட்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துபோகும். கரிசல் வெயில் தெரிந்தவர்கள் வீணையை ஐப்பசிக்குப் பிறகு அனுப்புவார்கள். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியில் லித்தியம் பேட்டரி இருந்தால் அது தனி விதி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் வகையை அனுப்புவது சுலபம்.

அந்தப் பக்கம் பெட்டி சேர்ந்ததும் உடனே பிரித்துச் சுருதி கூட்டச் சொல்லக்கூடாது. குளிர் நாட்டில் மரமும் தோலும் ஒரு நாள் அறைச் சூட்டில் கிடக்கட்டும். பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு, சேதம் ஏதும் தெரிந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்து, பெட்டியையும் மெத்தையையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். மிருதங்கம் என்றால், பிறகு வாரை ஒரு சுற்று இழுத்து, இடப்பக்கத் தொப்பியில் ரவையை அப்பலாம்.